அண்ணி வகுப்பில் நான் ஒப்பித்த பதில்கள்

என் அருமை அண்ணிக்கு, ஊரே ஸ்டெல்லா மிஸ் என்று கூப்பிட்ட என் அண்ணன் பொண்டாட்டிக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு, உங்கள் வீட்டு வாசலிலிருந்து நான் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அழுத கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அது பொய். பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது. என்னுடையது வார் அறுந்து ஊக்கு குத்தியது, இது புதுசு, குதிகாலுக்கு மெத்தென்று இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். செருப்பைப் பறிகொடுத்தவர் உங்கள் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தால், இதைப் படித்துவிட்டு என்னை இரண்டு வார்த்தை திட்டிக்கொள்ளட்டும்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களுக்காக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற ஷோபா மிஸ், “நீங்களும் ஒரு லெட்டர் எழுதுங்க ஆன்ட்டி, தமிழ்லயே எழுதுங்க” என்றார். நாலாம் வகுப்போடு நின்றவளிடம் கடிதம் கேட்கிற தைரியம் உங்களுக்குப் பிறகு அவருக்குத்தான். எழுத்துப் பிழையை அவரே திருத்திக்கொள்வாராம். திருத்தட்டும். ஆனால் நான் செய்த தப்பைத் திருத்திவிடாதீர்கள் மிஸ், அது அப்படியே அச்சில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எந்தத் தப்பு என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்லப் போகிறேன்.

வியாழக்கிழமை கடைசி பீரியடில் நீங்கள் நடத்துவீர்களே, உலகக் கூட்டம், அதை நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க அந்த நாட்டுக்காரர்களாகவே பேசுவார்கள். தண்ணீர் யாருக்கு, வெயில் ஏன் ஏறுகிறது, ஊரைவிட்டு ஓடி வருகிறவர்களை யார் சேர்த்துக்கொள்வது என்று மேசையைத் தட்டிச் சண்டை போடுவார்கள். வருடக் கடைசியில் எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒரே அரங்கத்தில் கூடி, நாட்டின் பெயர் எழுதிய பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, தீர்மானம் போட்டு ஓட்டெடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பொம்மனஹள்ளியிலிருந்து தொம்மலூருக்கு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவேன். வாசலிலேயே ஆரம்பிப்பேன்.

“என்னா அண்ணி, இந்த வாரம் எந்த ரெண்டு நாட்டுக்குச் சமாதானம் பண்ணி வெச்சீங்க? அப்படியே எங்க தெருக் குழாயடிக்கும் ஒரு நாள் வந்துட்டுப் போங்களேன்.”

“அதையும் பசங்க எழுதியாச்சு பிலோ. தண்ணிச் சண்டைன்னு ஒரு பாடமே இருக்கு. உன் பேரு ரெண்டு எடத்துல வருது.”

நீங்கள் சிரிக்காமல் சொல்வீர்கள். அண்ணன்தான் சிரித்துப் புரையேறி எழுந்து போவார். பி.எட். படித்த அண்ணிக்கும் சட்டைக் காலர் தைக்கிற நாத்தனாருக்கும் நடந்த பேச்சில் பாதி சண்டை என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நாத்தனார் என்றால் கொஞ்சம் குத்த வேண்டும், இல்லாவிட்டால் உறவுக்கே அழகில்லை.

கிண்டல் முடிந்தால் புலம்பல். நீங்கள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பீர்கள். சூப்பர்வைசர் தைத்த காலர் கட்டு ஒன்றை என் மூஞ்சியில் விட்டெறிந்தது, எழுந்து போனால் டார்கெட் குறையும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பில் துடித்தது, பக்கத்து மெஷின்காரி மயங்கி விழுந்தபோது அவளைத் தூக்குவதற்கு முன்னால் அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தூக்கியது. எல்லாம் உங்களுக்குத்தான் சொன்னேன். வேறு யாரிடமும் அழுதுகொண்டு சொன்னதில்லை.

அதனால்தானே அந்த வருடம் என்னைக் கூப்பிட்டீர்கள்? உலகத்துச் சட்டைகளை யார் தைக்கிறார்கள் என்பதுதான் பிள்ளைகள் எடுத்திருந்த விஷயம். “புத்தகத்துல படிச்சுட்டு வாதாடக் கூடாது பிலோ. அந்த வேலையச் செய்யறவங்க வாயால கேக்கணும். அவங்க சொன்னத ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம எழுதணும். அதான் எங்க கூட்டத்துச் சட்டம். இந்த வருஷம் நீதான் எங்க சாட்சி.”

“சாட்சிக்கு சமோசா உண்டா?”

“உண்டு. வாய மட்டும் கொஞ்சம் ஒழுங்கா வெச்சுக்கிட்டு வா.”

கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தேன். நினைவிருக்கிறதா? ஊதா பார்டர்.

இங்கேதான் ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் தைக்கிற சட்டையெல்லாம் கப்பல் ஏறுகிறது. வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் அவ்வப்போது ஆள் அனுப்பிப் பார்க்கும். அதற்கு ஆடிட் என்று பெயர். ஆடிட் வருகிறதென்றால் ஒரு வாரம் முன்பே ஃபேக்டரிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். பாத்ரூமில் சோப்பு முளைக்கும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக விழும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து குடியேறும். ஹெச்.ஆர். மேடம் லைன் லைனாக வந்து, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில் ஒரு தாள், எங்களுக்குத் தமிழில் ஒரு தாள். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்காததற்கெல்லாம் சேர்த்து அங்கே ஒப்பித்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அது காலர் வைப்பது மாதிரி ஆகிவிட்டது. யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகப் போகும்.

ஆடிட்காரர் எப்படி இருப்பார்? கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய தாள், திறந்த பேனா, குரலில் ஒரு மரியாதை. உங்கள் பிள்ளைகள் அப்படியே வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள், அண்ணி.

“ஆன்ட்டி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?”

“எட்டு மணி நேரம்.”

“ஓவர்டைம் பண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்துவாங்களா?”

“விருப்பம் உள்ளவர்கள் மட்டும் செய்வோம்.”

“தண்ணி குடிக்க, பாத்ரூம் போக விடுவாங்களா?”

“எப்போது வேண்டுமானாலும் செல்லலாம்.”

“யாராச்சும் திட்டுவாங்களா?”

“யாரும் எங்களைக் கடிந்து பேசுவதில்லை. நாங்கள் ஒரு குடும்பம் போல இருக்கிறோம்.”

கடிந்து! நான் என் வாழ்நாளில் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேனா? பின் சுவரில் உலகப் படத்துக்குக் கீழே நீங்கள் கை கட்டி நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேனா?

பயத்தில் சொன்னேன் என்று எழுதினால் எல்லோரும் பாவம் என்பார்கள். எனக்கும் சுலபம். ஆனால் பயமில்லை, அண்ணி. முதல் இரண்டு பதில் பழக்கத்தில் வந்தது. மூன்றாவது வரும்போது எனக்கே தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் சொல்லச் சொல்ல முப்பது பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் வாய்ச்சொல்லை அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. அது நன்றாக இருந்தது. அதோடு, ஸ்டெல்லா மிஸ்ஸின் நாத்தனார் நல்ல இடத்தில்தான் வேலை செய்கிறாள் என்று பிள்ளைகள் நினைப்பதும் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள். வியட்நாம். நிவேதா.

“ஆன்ட்டி, எங்கம்மாவும் கார்மெண்ட்ஸ்தான். அவங்க வேற மாதிரி சொல்வாங்களே? தண்ணி குடிக்க எந்திரிச்சாலே சூப்பர்வைசர் கத்துவாருன்னு...”

“அப்ப உங்கம்மாவுக்குக் கை ஓடல போலிருக்கு கண்ணு. கை ஓடறவங்களப் பாத்து யாரும் கத்த மாட்டாங்க.”

வகுப்பு சிரித்தது. சிரிப்பைக் கேட்டால் எனக்கு நிற்கத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே.

“எங்க லைனுக்கு வந்து ஒரு வாரம் ட்ரெய்னிங் எடுத்துக்கச் சொல்லு.”

இன்னும் பெரிய சிரிப்பு. நிவேதா உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறது.

பஸ் ஸ்டாப்பில் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “ஏன் பிலோ?”

“என்னா ஏன்? பசங்க எப்படிச் சிரிச்சாங்க பாத்தீங்கல்ல?”

சமோசாப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு உங்கள் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் நாம் சண்டை போட்டு, ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். உங்களுக்குத் திட்டத் தெரியாதது எவ்வளவு பெரிய குறை!

நீங்கள் நினைத்திருந்தால் மறுநாளே பிள்ளைகளிடம், அந்த ஆன்ட்டி சொன்னது பொய், எனக்கு நிஜம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. சாட்சி சொன்னதை டீச்சர் மாற்றக் கூடாது என்பது உங்கள் சட்டம். என் வாயால் கெட்டதை என் வாயால்தான் சரிசெய்ய வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தீர்களோ?

அந்த வருடக் கூட்டத்தில் நிவேதா எழுந்து, எங்கள் சாட்சி சொன்னபடி எந்தக் குறையும் இல்லை என்று வாசித்தாளாம். கோட் போட்ட ஒரு பையன், குறையே இல்லை என்றால் இதை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டானாம். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரலை உயர்த்தாமல், சாதம் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்.

“ஒரு வாட்டி அந்தப் பொண்ணுகிட்டப் பேசிடு பிலோ. உன் வீட்டுக்கு ரெண்டு க்ராஸ் தெரு தள்ளித்தான் இருக்கா.”

“பேசறேன் அண்ணி. இந்த வாரம் ஷிப்மெண்ட் போகட்டும்.”

ஷிப்மெண்ட் போனது. அடுத்தது வந்தது, அதுவும் போனது. இரண்டு க்ராஸ் நடக்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அதற்குள் உங்களுக்கு வயிற்று வலி என்று ஆரம்பித்து, ஸ்கேன், ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மத்தியானம், அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, மறுபடி கேட்டீர்கள். “நிவேதாகிட்டப் பேசினியா?”

“முதல்ல கஞ்சியக் குடிங்க. வியட்நாமை அப்புறம் பாத்துக்கலாம்.”

சிரிக்க வைக்கப் பார்த்தேன். நீங்களும் எனக்காகக் கொஞ்சம் சிரித்தீர்கள். இல்லை அண்ணி, பேசவில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் கொடுத்தது ஒரு ஜோக்கு. அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அண்ணன் நன்றாக இருக்கிறார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ரசம் அவரிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. உங்கள் பீரோவைத் திறந்து புடவைகளைக் காற்றாட விடுகிறார், மறுபடி மடிக்கத் தெரியாமல் எனக்கு ஃபோன் பண்ணுகிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பூண்டு இப்போது நான்தான் உரிக்கிறேன். பேச்சு குறைந்துவிட்டது.

இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் ஷோபா மிஸ் என்னைத் தேடி வந்தார். உங்கள் நோட்டில் சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்தாராம். சட்டை விஷயத்தைப் பிள்ளைகள் மறுபடி எடுத்திருக்கிறார்கள், வர முடியுமா என்றார். நோட்டில் என் பெயருக்கு நேராக நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். “மறுபடியும் கூப்பிட வேண்டும்னு எழுதியிருக்காங்க ஆன்ட்டி.”

சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், அண்ணி.

சரி என்று சொல்வதற்கு முன்னால் அந்த இரண்டு க்ராஸையும் நடந்துவிட்டேன். கதவைத் திறந்தது நிவேதாவின் அம்மா சரோஜா. என் வயதுதான், என்னைவிட ஒல்லி.

“யாரு வேணும்?”

“நான் பிலோமினா. நிவேதா ஸ்கூலுக்குப் போன வருஷம் பேச வந்தேனே...”

மேலும் கீழும் பார்த்தாள். “ஓ, அந்தக் கை ஓடற டைலர் நீங்கதானா? வாங்க வாங்க. ட்ரெய்னிங் குடுக்க வந்தீங்களா?”

வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“மன்னிப்பு கேக்க வந்தேன்மா.”

“வருஷம் ஒண்ணு ஆச்சே. ஆட்டோ கிடைக்கலியா?”

உட்காரச் சொல்லவில்லை. நானே படியில் உட்கார்ந்துகொண்டேன். அவளும் எதிர்ப் படியில் உட்கார்ந்தாள்.

“நெஜமா சொல்லுங்க. உங்க ஃபேக்டரியில தண்ணி குடிக்க எந்திரிக்க விடுவாங்களா?”

“எங்க விடுவாங்க? பேகா மாடம்மா, பேகா மாடம்மான்னு தலைமேலயே நிப்பான். வேகம், வேகம், அது ஒண்ணுதான் அவனுக்குத் தெரிஞ்ச பாஷை.”

“அப்புறம் எம்பொண்ணுகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பேப்பரும் பேனாவுமா வந்து உக்காந்தாங்களா, எனக்கு ஆடிட் வந்துடுச்சு.”

அவள் வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, ஹெச்.ஆர். மேடத்தின் முன்னால் நிற்கிற குரலில் ஆரம்பித்தாள்.

“யாரும் எங்களைக் கடிந்து பேசுவதில்லை.”

“நாங்கள் ஒரு குடும்பம் போல இருக்கிறோம்,” என்று நான் முடித்தேன்.

அவள் வேலை செய்வது வேறு ஃபேக்டரி, அண்ணி. வேறு முதலாளி. நாங்கள் அதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

உள்ளேயிருந்து நிவேதா வந்தாள். தலை பாதி பின்னியிருந்தது. கையில் ஒரு நோட்டு.

“அம்மா, நீங்க சமையல் ரூமுக்குப் போங்க. ஆன்ட்டி, நீங்க இங்கயே இருங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்கக் கூடாது.”

“ஏண்டி, அடுப்புல பாலு...”

“போங்கம்மா!”

ஆடிட் கேள்வி எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு, நான் ஒப்பித்ததை எழுதினாள். அப்புறம் உள்ளே போய் அம்மாவிடம் அதையே கேட்டு எழுதினாள். திரும்பி வந்து இரண்டு பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். எல்லாப் பதிலும் ஒன்று. சொல்லுக்குச் சொல் ஒன்று. இப்படி ஒரு சோதனை செய்து பார்க்க அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

“உங்கம்மாவப் பத்தி நான் சொன்னது தப்பு கண்ணு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கிக்கறேன்.”

தலையாட்டினாள். நோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஸ்டெல்லா மிஸ் இருந்தப்பவே ஏன் ஆன்ட்டி வரல?”

இந்தக் கேள்விக்கு எந்தத் தாளிலும் பதில் எழுதித் தரவில்லை, அண்ணி.

அந்த வியாழக்கிழமை வகுப்புக்கு வந்தேன். அரை நாள் லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் பேசியதை இங்கே எழுதினால் ஷோபா மிஸ் அச்சுக்கு அனுப்ப மாட்டார். நிவேதா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலில் ஆடிட் பதில்களை நிமிர்ந்து நின்று ஒப்பித்துக் காட்டினேன். பிள்ளைகள் எழுதினார்கள். “இது அவங்களுக்குச் சொல்றது. இப்ப உங்களுக்குச் சொல்றேன்” என்று உட்கார்ந்துகொண்டு, உங்கள் வீட்டில் பூண்டுக்கு நடுவில் சொன்னதையெல்லாம் சொன்னேன். பேனாக்கள் நின்றுவிட்டன.

ஒரு பையன் கை தூக்கினான். “ஆன்ட்டி, இதுல எத எழுதறது?”

“ரெண்டையும் எழுது ராஜா.”

நிவேதாவின் அம்மாவைப் பற்றிச் சொன்னதையும் பெயர் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. உலகப் படத்துக்குக் கீழே பார்த்தேன். சுவர்தான் இருந்தது. அங்கே நீங்கள் நின்றிருக்க வேண்டிய நாள் அது. ஒரு வருடம் தாமதமாகக் கொண்டுவந்து யாருக்குக் கொடுத்தேன்?

வருடக் கூட்டம் இந்த முறை தொம்மலூரில், உங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி, ஒரு பெரிய பள்ளிக்கூடத்து அரங்கத்தில் நடந்தது. எங்களைச் சாட்சி என்று அழைத்திருந்தார்கள். சரோஜாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். நிவேதா வியட்நாம் பலகைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். அவள் கொண்டுவந்த தீர்மானம் சின்னது. தொழிலாளியிடம் கேள்வி கேட்கிறவர்கள் ஃபேக்டரிக்குள் வைத்துக் கேட்கக் கூடாது, வேலை முடிந்து அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கோட் போட்ட பையன் ஒருவன் இந்த வருடமும் இருந்தான். பதில் மனப்பாடம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றான். அவள் நோட்டைத் திறந்து இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். வேறு வேறு ஃபேக்டரி, முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே வார்த்தைகள். வாசித்து முடித்ததும் அவன் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது, ஆனால் அவன் உட்கார்ந்தது எனக்குத் தமிழிலேயே புரிந்தது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அண்ணி. குரல் நடுங்கவே இல்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் வியாழக்கிழமைக்கு, கூப்பிடுகிற வருடமெல்லாம் வருவேன். கையில் தாளோடு ஒரு பிள்ளை என் முன்னால் உட்கார்ந்தால், அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். சரோஜாவையும் கூட்டி வருவேன், அவள் லைனில் இருக்கிற மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்கிறேன். ஃபேக்டரியின் பெயரை எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக் காலையிலும் அங்கேதான் போக வேண்டும். கிண்டலை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல மாட்டேன். நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளையை வைத்து இனிச் சிரிக்க மாட்டேன். இது சத்தியம்.

ஓட்டெடுப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மற்றவர்கள் சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நின்று நின்று கால் வலித்ததால் கடைசி வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நிவேதா தூக்கினாள், நானும் தூக்கினேன். ஆதரவு பதினெட்டு, எதிர்ப்பு பதினாறு என்று எண்ணினார்கள். அரங்கத்தில் இருந்த நாடுகள் மொத்தம் முப்பத்து மூன்றுதான், ஒரு கை கூடுதல். நான் உட்கார்ந்திருந்தது போலந்து. போலந்தாக வந்த பிள்ளை பேனா வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று கை தூக்கியிருந்தது. மறுபடி எண்ண வேண்டும் என்றார்கள், உட்கார்ந்திருக்கும் நாடுகளை மட்டும்தான் எண்ணுவோம் என்றும் சொன்னார்கள். நான் எழுந்து வழிவிட்டேன். போலந்து பையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து உட்காருவதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். பதினாறுக்குப் பதினாறு. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகக் கணக்காம்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி நாத்தனார்,
பிலோமினா